கூடுவாஞ்சேரியில் இறங்காதவள்

உன்னுடைய கண்ணாடி இப்போது என்னிடம் இருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம், இழுத்தால் நீள்கிற மெல்லிய கம்பி, பிடியில் கீறி எழுதிய உன் எண். விமானத்தின் உடம்பில் கண் எட்டாத இடுக்குகளைப் பார்க்க, விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரில் எல்லோரும் வைத்திருக்கும் அதே சாமான்தான். என்னிடமும் ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். ஆனாலும் உன்னுடையதன் பிடியில் நீ மணிக்கட்டுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை ஏறிக் கிடக்கிறது. இன்று காலை பையைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

உன் வீட்டுக்காரர் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்துப் பிள்ளையார்பாளையம் வந்து, மூன்று தெரு சுற்றி விசாரித்து, இதைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வரச் சொன்னேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சுமா. மேல ஏறிப் பாக்க ஆவும்னு சொல்லிச்சு."

"வேற எதுனா சொன்னாளாண்ணே?"

"இல்லமா. அவ்ளோதான்."

மேலே ஏறிப் பார்க்க. அவருக்கு அது வெறும் வார்த்தை. எனக்கு அப்படி இல்லை என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லி நீ என்னைத் திட்டினாயா, மன்னித்தாயா என்று நான்கு மாதமாக யோசிக்கிறேன். கேட்பதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. நீயும் இல்லை.

நாம் பழகியது ஆசைப்பட்டு இல்லை, வேறு வழி இல்லாமல். ப்ரொப்பெல்லர் வைத்த டர்போப்ராப் விமானத்துக்கான பழுது பார்ப்பு வகுப்பில் நாற்பது பேர், பெண்கள் இரண்டே பேர். பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் நாள் நீ யாரிடமும் சிரிக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி என்று நினைத்தேன். நீயும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தாயாம். இரண்டு பேர் நினைத்ததும் சரி. மாலையில் திரிசூலம் ஸ்டேஷனில் காஞ்சிபுரம் வண்டிக்கு இருவரும் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், நீ வாலாஜாபாத், நான் காஞ்சிபுரம், இனிமேல் தப்பிக்க முடியாது என்று தெரிந்தது.

மற்றவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். நீ அந்த விமானம் பிறந்து வளர்ந்த கதையைப் படித்தாய். வகுப்பில் கொடுத்த புத்தகம் போதாமல் பழைய படங்களைத் தேடி எடுத்து, ரயிலில் எனக்கு விரித்துக் காட்டுவாய்.

"மொதல்ல இது குட்டையாதான்டி இருந்துச்சு. நாப்பது சொச்சம் சீட்டு, ப்ரொப்பெல்லருக்கு நாலே பிளேடு. அப்பால நடுவுல துண்டு சேத்து நீட்டுனாங்க, எழுவது பேர் ஒக்காரட்டும்னு. நீட்டுனா வெயிட்டு ஏறும். வெயிட்டு ஏறுனா எஞ்சின் பத்தாது. பெரிய எஞ்சின் வச்சா நாலு பிளேடு பத்தாது. ஆறு ஆக்குனாங்க. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணும் மாறும். ஒரே நாள்ல ஆன வண்டி இல்ல இது."

நாம் எப்போதும் வண்டி என்றுதான் சொல்வோம். ஆட்டோவும் வண்டி, ரயிலும் வண்டி, எழுபது பேரை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் பறப்பதும் வண்டி. அதிலும் உனக்கு மிகவும் பிடித்தது அதன் வலது எஞ்சினில் இருந்த பிரேக். மற்ற விமானங்களில் தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் வாலில் ஒரு குட்டி எஞ்சின் தனியாக இருக்கும். நம்முடையதில் அது இல்லை. எடையை மிச்சம் பிடிக்க, ப்ரொப்பெல்லரை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுகிற மாதிரி செய்திருந்தார்கள். விசிறி நிற்கும், எஞ்சின் பாடும். "சிக்கனக்காரன் செஞ்ச வண்டிடி, நம்ம ஊருக்குன்னே செஞ்சிருக்கான்" என்று சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜெட் விமானங்களைப் பழுது பார்க்கும் ஆட்கள் நம்மைக் கேலி செய்வார்கள். நம்முடையதற்குப் பங்கா வண்டி, அதாவது விசிறி வண்டி என்று பெயர். கேன்டீனில் சாம்பார் வாளிக்கு எதிரே நின்று ஒருவன், "இன்னாமா, பங்காவுக்கு எண்ண போட்டாச்சா?" என்றான். நீ தட்டை நகர்த்திக்கொண்டே, "போட்டாச்சுபா. ஒன் வண்டி சேலத்துல எறங்குமா? கேட்டு சொல்லு, ஒரு சீட்டு போட்டுக்கறேன்" என்றாய். அந்தச் சின்ன ஓடுபாதைக்கு அவன் வண்டி வராது. அவன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு தடவை சேலத்தில் டயர் மாற்றுவதற்கு நம் இருவரையும் அதே மாதிரி இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட்டாய். பத்தே நிமிஷத்தில் பாலாறு தெரிந்தது, தண்ணீரைவிட மணல் அதிகமாக. "அதோ எங்க ஊட்டாண்ட டேங்கு" என்று கத்தினாய். அது ரைஸ் மில் கூரை என்று நான் சொன்னேன். அதற்குள் ஏகாம்பரநாதர் கோபுரம் விரல் அளவுக்கு வந்து பின்னால் போய்விட்டது. நான் என் வீட்டைத் தேடவே இல்லை, நீ தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒன்பது வருஷம் அந்த ரயில். காலையில் காஞ்சிபுரத்தில் ஏறி, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். யாராவது எடுக்கச் சொன்னால், "ஆள் வருதும்மா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். திட்டுவார்கள். வாலாஜாபாத்தில் நீ ஏறியதும் பை என் மடிக்கு வரும். பிறகு நீ உன் வீட்டு இட்லியைத் திறப்பாய். நான் என் அம்மா செய்த மிளகாய்ப்பொடியைத் திறப்பேன்.

விமானத்தில் சில வேலைகளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருத்தி செய்ய வேண்டும், இன்னொருத்தி தன் கண்ணால் தனியாகப் பார்க்க வேண்டும். செய்தவளிடம் கேட்டுப் போடக்கூடாது, அவள் முகத்தைப் பார்த்துப் போடக்கூடாது. பார்த்து முடித்து, வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டில் தன் ஸ்டாம்ப்பைக் குத்த வேண்டும்; ஸ்டாம்ப் இல்லாதவள் விமானத்தைத் தொட முடியாது. பெரும்பாலும் நீ செய்வாய், நான் பார்ப்பேன். இல்லாவிட்டால் நான் செய்வேன், நீ பார்ப்பாய். திரும்பி வரும்போது ரயிலில் உனக்கு ஒரு விளையாட்டு. உண்மையாகவே பார்த்தவளுக்கு மட்டும் பதில் தெரிகிற கேள்வியாக ஒன்று கேட்பாய்.

"அந்த பின்னோட காலு எந்தப் பக்கம்?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"கரெக்டு. இந்தா முறுக்கு."

போல்ட்டின் நட்டு கழன்றுவிடாமல் ஓட்டையில் செருகி, இரண்டு காலையும் மடக்கி விடுவோமே, அந்த ஸ்ப்ளிட் பின். ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன். நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஏனென்றால் நான் பார்த்திருப்பேன்.

அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். காலையிலேயே ரயிலில், "இந்த மூஞ்சியோட போய் ஒக்காராதடி, கொஞ்சம் சிரி" என்று சொல்லியிருந்தாய். நமக்கு வந்த வேலை மூன்றாவது வண்டியில். கம்பெனிக்கு வந்த வரிசையை வைத்து முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றுதானே கூப்பிடுவோம். அதன் வால் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். வாலின் உச்சியில் குறுக்குச் சிறகு. அதன் ஓரத்தில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டர். அதை இயக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டை நீ மாற்றினாய். நட்டு போட்டு, பின் போட்டு, இறங்கி வந்து கார்டில் உன் ஸ்டாம்ப்பைக் குத்தினாய். "ஏறிப் பாத்துட்டு வா, நான் சாமான எண்ணிக்கினு இருக்கேன்" என்று டூல் ரூமுக்குப் போனாய்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. வண்டி ஹேங்கருக்கு வெளியே நின்றதால் சாரத்தின் படிகள் ஈரமாக இருந்தன. ரயிலுக்கு இருபத்தைந்து நிமிஷம். மேலே ஏறி, பலகையில் மண்டியிட்டு, கண்ணாடியை நீட்டிப் பின்பக்கம் பார்த்து இறங்க இருபது நிமிஷம் ஆகும். நான் தரையில் நின்று மேலே பார்த்தேன். செய்தது நீ. இந்த ஹேங்கரில் உன்னைப்போல் பின் மடக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. கார்டை எடுத்து என் ஸ்டாம்ப்பைக் குத்தினேன்.

இதை நான் ஒருபோதும் யாரிடமும் மறுக்கவில்லை. தப்புதான். ஆனால் சோம்பலால் செய்தேன் என்று எல்லோரும் நினைத்தார்களே, அது முழு உண்மை இல்லை. உன் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்ததால் செய்தேன். வேறு யார் அந்த வேலையைச் செய்திருந்தாலும் மழையில் நனைந்துகொண்டு ஏறியிருப்பேன்.

ரயிலில் நமக்கு இடம் கிடைத்தது. தாம்பரம் தாண்டி, வண்டலூர் தாண்டியது. நீ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாய். என்னைச் சோதிக்க நீ கேட்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். புதிதாக ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் கேட்டாய்.

"பாத்தியா, மூணாவதுல அந்த எடத்தையே மாத்தி வச்சிருக்கான். பின்னோட காலு எந்தப் பக்கம் சொல்லு."

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றேன், முறுக்குக்குக் கையை நீட்டிக்கொண்டு.

நீ பொட்டலத்தை மூடினாய். மூன்றாவது வண்டி மற்ற இரண்டுக்கும் சில வருஷம் கழித்துக் கம்பெனிக்கு வந்தது. அதற்குள் வண்டியைத் தயாரித்தவர்கள் அந்த இடத்தில் பக்கத்துத் தகட்டைப் பெரிதாக்கியிருந்தார்கள். பழையபடி மடக்கினால் கால் தகட்டில் உரசும். அதனால் நீ இரண்டு காலையும் பக்கவாட்டில், நட்டைச் சுற்றி மடக்கியிருந்தாய். வண்டி எப்படி எப்படி மாறி வந்தது என்று நீ எனக்கு ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பழைய வண்டியையே மனசில் வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன்.

"நீ ஏறல" என்றாய்.

நான் நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். நீ ஹேங்கருக்குப் போன் போட்டு, மூன்றாவது வண்டி மாலையில் திருச்சிக்குக் கிளம்பக் கூடாது, வால் பக்கம் மறுபடி பார்க்க வேண்டும் என்றும், நீ திரும்பி வந்துகொண்டிருக்கிறாய் என்றும் சொன்னாய். கூடுவாஞ்சேரி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாய். எதிர்ப்பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பிப் போகிற வண்டியைப் பிடித்தாய். நான் வீட்டுக்குப் போனேன்.

அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, தட்டில் கேசரியை எடுத்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பிளேனு ரிப்பேர் பண்ணுதாமே, பயமா இருக்காதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதுதான் உண்மை. என் மனசு அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே இருந்தது. நடுவில் எழுந்து உள்ளே போய்ப் போனைப் பார்த்தேன். நீ அழைக்கவில்லை. வந்தவர்கள் கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

மறுநாள் தெரிந்தது. பின் இருந்தது. சரியாக இருந்தது. இரண்டு காலும் பக்கவாட்டில், நீ மடக்கிய மாதிரியே. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் தாமதம் என்ற கேள்விக்கு நீ நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாய். பார்க்காமல் ஸ்டாம்ப் குத்தப்பட்டது என்று. என் ஸ்டாம்ப்பை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கார்டை என் கையில் விட்டுவிட்டுப் போனதற்காக உன்னுடையதையும் ஒரு மாதம் வாங்கிக்கொண்டார்கள். நான் ஸ்டோரில் நின்று ரப்பர் வாஷர் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னேன். "பின் இருந்துது. ஒண்ணும் ஆவல. ஆனா அவ என்னை எழுதிக் குடுத்துட்டா." கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அம்மா ஒருத்திதான், தறிக்காரர் வீட்டுக்குப் பாவு நூல் பிரித்துக்கொண்டே, "ஒரு ஊசிக்காவாடி இவ்ளோ பகை?" என்று கேட்டாள். ஊசி இல்லை, பின் என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பக்கத்து இருக்கையில் நான் பை வைக்கவில்லை. வாலாஜாபாத்தில் நீ ஏறினாய். என்னையும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவையும் பார்த்தாய். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு திரிசூலம் வரை நின்றாய். மறுநாள் நான் வேறு பெட்டியில் ஏறினேன். ஆறு வருஷம் அப்படி.

ஆறு வருஷத்தில் நீ பேச முயற்சி செய்யாமல் இல்லை. அம்மா இறந்த அன்று வந்தாய். தெருவில் போட்ட நாற்காலிகளைத் தாண்டி உள்ளே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். ஒரு மணி நேரம். உன் முழங்கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நான் கையை நகர்த்திக்கொண்டேன். நீ எழுந்து, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாய். உன் பின்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக நாம் சேர்ந்து வேலை செய்தது போன வருஷம். ஆள் குறைவு என்று நம் இருவரையும் ஒரே கார்டில் போட்டார்கள். இந்தத் தடவை நான் செய்தேன், நீ பார்த்தாய். அதே மூன்றாவது வண்டி, அதே உச்சி. நீ மெதுவாக ஏறினாய். அப்போதே உனக்கு மூச்சு வாங்கியது. காமாலை ஆரம்பித்திருந்தது என்று எனக்குத் தெரியாது. உன் கண்ணை நான் நேராகப் பார்த்திருந்தால் மஞ்சளாகத் தெரிந்திருக்கும். நீ இந்தக் கண்ணாடியை நீட்டி ரொம்ப நேரம் பார்த்தாய். என்னை நம்பாமல்தான் அவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று கீழே நின்று பொருமினேன். இறங்கி வந்து, "சரியா இருக்குது" என்றாய். நான் கார்டை நீட்டினேன். அதுதான் நீ என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. நான் உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தை எது என்று எனக்கு நினைவே இல்லை.

டியூட்டி ரோஸ்டரில் உன் பெயர் இருந்த கட்டத்தில் வேறு பெயரைப் பார்த்து விசாரித்துத்தான் நீ ஆஸ்பத்திரியில் இருப்பதைத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய். வாலாஜாபாத் கல்லறைத் தோட்டத்துக்கு ஹேங்கரிலிருந்து வேனில் வந்தார்கள். நான் தனியாக ரயிலில் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மண் போடுவதற்கு வரிசை நின்றது. நான் அதில் சேரவில்லை. எந்த உரிமையில் சேர்வது என்று தெரியவில்லை.

இப்போது நான் ஷிஃப்டுக்கு லீட், எல்லா வேலைக்கும் பொறுப்பு. கார்டுகள் என் மேசைக்கு வந்துதான் மூடப்படும். போன வாரம் மூன்றாவது வண்டியின் கார்டு வந்தது. அதே இடம். செய்தது அன்வர், பார்த்தது செந்தில். இருவரும் முப்பது வயதுக்காரர்கள், ஒரே பைக்கில் வந்து ஒரே பைக்கில் போகிறவர்கள். செந்திலின் சட்டை துளிகூடக் கசங்கவில்லை, பேண்ட்டில் ஒரு கறையும் இல்லை. பலகையில் மண்டியிட்டவனுக்கு முழங்காலில் கறை இருக்கும்.

"செந்திலு, பின்னோட காலு எந்தப் பக்கம்பா?"

"வழக்கம் போலதான் மேடம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

 என் பதிலையே என் வாய்க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்வர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். செந்திலுக்குப் புரிந்துவிட்டது. "மேடம், அன்வர் செஞ்சா தப்பாவாது மேடம்" என்றான். இதே வார்த்தையை நானும் எனக்குள் சொல்லிக்கொண்டவள்தான்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது என் பேச்சு இல்லை. "வாப்பா, சேந்தே போலாம்" என்றேன்.

இந்த இடத்தில் நான் உனக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் எல்லோருக்கும் சொன்ன கதையில், மேலே இந்த மடலிலும்கூட, கூடுவாஞ்சேரியில் நீ இறங்கினாய், நான் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னேன். நடுவில் நடந்ததை எப்போதும் விட்டுவிடுவேன். நீ உடனே போகவில்லை. பிளாட்பாரத்தில் இறங்கி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"எறங்குடி. சேந்தே போலாம். ரெண்டு பேரும் போய் நம்மளே சொல்லிட்டா பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வா."

வண்டி ஹாரன் அடித்தது. கையை நீட்டினாய். "எறங்குடி" என்று இன்னொரு தடவை சொன்னாய். நான் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்தது. நீ நாலைந்து எட்டு கூடவே நடந்தாய். பிறகு கம்பியை விட்டாய்.

நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கூப்பிட்டாய். வராதது நான். தனியாகப் போன உனக்கு, நடந்ததை எழுதுவதைத் தவிர வேறு என்ன வழி இருந்தது? இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆறு வருஷம் வேறு பெட்டியில் உட்கார்ந்தேன்.

செந்தில் வந்தான். மூன்று பேரும் ஏறினோம். உன் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன். பின் சரியாக இருந்தது. இரண்டு காலும் பக்கவாட்டில். இறங்கியதும் அவனே தாளை எடுத்து, பார்க்காமல் ஸ்டாம்ப் குத்தினேன் என்று எழுதினான். அன்வர் பக்கத்தில் நின்றான். தானே எழுதிக் கொடுத்ததால் அவனுக்கு இரண்டு வாரம் ஸ்டாம்ப் இல்லை, ஒரு நாள் வகுப்பு, அவ்வளவுதான். நேற்று மத்தியானம் கேன்டீனில் இருவரும் ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தபோது அந்த மேசையில் பேச்சு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் நான் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. எங்கே கேள்வி கேட்டுவிடுவேனோ என்று பயப்படுகிறார்கள். சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். நீயும் அந்த ஆறு வருஷம் மூலை மேசையில் தனியாகத்தான் சாப்பிட்டாய். நான் எதிர்ப்பக்கம் பத்துப் பேரோடு உட்கார்ந்து உன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கிறது. இனி எந்தக் கார்டில் என் பெயர் இருந்தாலும், செய்தது யாராக இருந்தாலும், மேலே ஏறித்தான் பார்ப்பேன். இதைச் சொல்ல நீ கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டாம். ஆனால் கொடுத்து அனுப்பினாயே என்று ஆறுதலாக இருக்கிறது.

நேற்று மாலை ரயிலில் இடம் கிடைத்தது. தாம்பரம், வண்டலூர். கூடுவாஞ்சேரி வந்ததும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் நின்ற, தினமும் கூட வருகிற ஒரு அம்மா, "ஏம்மா, நீ தெனம் காஞ்சிபுரம்தான போவ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வண்டி போய்விட்டது. படியேறி, நீ போன எதிர்ப்பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போனேன். தாம்பரம் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சேர்ந்து போக ஆள் இல்லாததால் நான் ஏறவில்லை.

திரும்பி வந்து சிமெண்டு பெஞ்சில், பக்கத்தில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த காஞ்சிபுரம் வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டம் சேர்ந்தது. ஒருவர் பக்கத்தில் உட்கார வந்து, பையை எடுக்கச் சொன்னார்.

"ஆள் வருதுபா" என்றேன்.